சாம்பல் கலந்த சிமெண்ட்ல ரூஃப் போடலாமா? கொத்தனார் ஒரே பிடியா வேண்டாம்ங்கிறார்

ஓமலூரான்

வணக்கங்க. ஓமலூர் பக்கத்துல சொந்த இடத்துல வீடு கட்டிட்டு இருக்கோம், 1200 சதுர அடி, கீழ்த்தளம் மட்டும்தான். அஸ்திவாரம், பேஸ்மெண்ட், செவுரு எல்லாம் முடிஞ்சு லிண்டலுக்கு மேல வந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல ரூஃப் கான்கிரீட் போடணும். இதுவரைக்கும் எறக்குனது எல்லாம் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட் மூட்டைதான், கடைக்காரர் அதத்தான் குடுத்தார், கொத்தனாரும் ஒண்ணும் சொல்லல. இப்ப ரூஃப்புன்னு வந்ததும் 53 கிரேடு ஓபிசி, அதாவது சாதா போர்ட்லேண்ட் சிமெண்ட் எறக்குனாத்தான் கைய வைப்பேன்னு நிக்கிறார். கேட்டா, "அதுல பாதி தெர்மல்ல இருந்து வர்ற சாம்பலுங்க, கொட்ட எடமில்லாம சிமெண்ட்ல கலந்து நம்ம தலையில கட்டறாங்க, சாம்பல நம்பி தலைக்கு மேல பாரத்த ஏத்தலாமா"ங்கிறார். மேட்டூர் ரோட்டுல சாம்பல் ஏத்திட்டுப் போற பல்க்கர் லாரிங்கள தெனமும் பாக்குறதால அவர் சொன்னது மனசுல அப்படியே உக்காந்துருச்சு.

சித்தப்பா பொண்ணு சிவில் படிக்குது, அது என்னடான்னா பிபிசிதான் நல்லது, கார்பனும் கம்மின்னு சொல்லுது. இந்த கார்பன் கதை நெசமா இல்ல கம்பெனிக்காரங்க விளம்பரமா? இதுல பக்கத்து வீட்டுக்காரர் வேற, சாம்பல் சல்லிசா கெடைக்கும், ஓபிசி வாங்கி நீங்களே சைட்ல கலந்துக்கங்க, பாதி காசு மிச்சம்ங்கிறார். வாழ்க்கையில ஒரு தடவ கட்டற வீடு, லோன் போட்டு கட்டறோம். தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

கம்பியும் ஜல்லியும்

சைட் இன்ஜினியரா இருக்கேன், ரெண்டு சிமெண்ட்லயும் நெறைய ரூஃப் போட்டிருக்கேன், அதனால சொல்றேன். பாதி சாம்பல்ங்கறது தப்பு ப்ரோ. பிபிசிக்குன்னு இருக்குற ஐஎஸ் 1489ங்கற இந்திய ஸ்டாண்டர்டு படி ஃப்ளை ஆஷ், அதான் இந்த சாம்பல், 15 சதவீதத்துல இருந்து 35 சதவீதம் வரைக்கும்தான் போடலாம். உங்க கொத்தனார் கேக்குற ஓபிசி கூட முழுக்க சுத்தம்னு நெனைக்காதீங்க, அதுலயும் 5 சதவீதம் வரைக்கும் சேர்மானம் போட ஐஎஸ் 269 அனுமதிக்குது, அந்தப் பட்டியல்ல ஃப்ளை ஆஷும் இருக்கு.

அடுத்தது, சாம்பல்னதும் நம்ம ஆளுங்களுக்கு வெறகடுப்பு சாம்பல்தான் ஞாபகம் வருது, இது அது கெடையாது. அனல் மின் நிலையத்துல நிலக்கரிய மாவா அரைச்சு பாய்லருக்குள்ள ஊதி எரிப்பாங்க. அந்தச் சூட்டுல கரியில இருக்குற மண்ணு, தாது எல்லாம் உருகி குட்டிக் குட்டித் துளியாகி, பொகையோட மேல போகும்போதே சட்டுனு ஆறி கண்ணாடி உருண்டையா ஆயிடும். மைக்ராஸ்கோப்ல பாத்தா அவ்வளவும் உருண்டை. பொகைய அப்படியே வெளிய விடாம மின்சாரத்தால தூசிய இழுத்துப் புடிக்கிற மெஷின் இருக்கும், ஈஎஸ்பின்னு சொல்லுவாங்க, அதுல சிக்குறதுதான் ஃப்ளை ஆஷ். ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு தேச்சுப் பாருங்க, டால்கம் பவுடர் கணக்கா வழுக்கும், நறநறப்பே இருக்காது.

இது சிமெண்ட்ல என்ன வேலை பாக்குதுன்னா, சிமெண்ட்ல தண்ணி பட்டதும் ரெண்டு பொருள் உண்டாகும். ஒண்ணு கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், கான்கிரீட்ட கெட்டியா புடிச்சிருக்குற பசையே அதான். இன்னொண்ணு சுண்ணாம்பு, இதால வலுவுக்கு பெருசா பிரயோஜனம் இல்ல, தண்ணியில கரைஞ்சு வெளிய வேற வரும், ஒழுகுற ரூஃப்போட அடியில வெள்ளை வெள்ளையா பூத்து நிக்குமே அது இந்த சுண்ணாம்புதான். ஃப்ளை ஆஷ்ல இருக்குற சிலிக்காவும் அலுமினாவும் இந்த வேஸ்ட் சுண்ணாம்பப் புடிச்சு அதையும் பசையா மாத்திடும், அதனால ஓட்டை ஒடசல் அடைஞ்சு கான்கிரீட் நெருக்கமா ஆகும், தண்ணியும் உப்பும் உள்ள எறங்குறது கொறையும், கம்பி துருப்புடிக்க லேட்டாகும். தூத்துக்குடி நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊருல கட்டுறவங்களுக்கு நான் ஓபிசிய சிபாரிசே பண்ண மாட்டேன்.

ஆனா ஒரு கண்டிஷன், அந்த ரெண்டாவது வேலை ரொம்ப மெதுவா நடக்கும். 53 கிரேடு ஓபிசி 3 நாள்ல 27, 7 நாள்ல 37, 28 நாள்ல 53 மெகாபாஸ்கலாவது (அழுத்தத்த அளக்குற அளவு அது) தாங்கணும்னு ரூல். பிபிசிக்கு அதே நாளுங்களுக்கு 16, 22, 33. இது குறைஞ்சபட்சம்தான், நல்ல கம்பெனி சிமெண்ட் இத தாண்டித்தான் வரும், அதோட 28 நாளோட நிக்காம மாசக்கணக்குல ஏறிட்டே போகும். வீட்டு ரூஃப்புக்கு போடுற எம் 20, அதாவது 28 நாள்ல 20 மெகாபாஸ்கல் தாங்குற கான்கிரீட்டுக்கு இது தாராளம். கொத்தனார் பயப்படறது இந்த ஆரம்ப நாள் வலுவப் பாத்துத்தான், அந்த அளவுக்கு அவர் பயத்துல நியாயம் இருக்கு.

அதனால பிபிசில ரூஃப் போட்டா சென்ட்ரிங்க (ரூஃப் இறுகுற வரைக்கும் தாங்குற தகடு, முட்டு) சீக்கிரம் பிரிக்க விடாதீங்க. செவுத்துக்கு செவுரு நாலரை மீட்டருக்குள்ள இருக்குற ஸ்லாபுக்கு ஓபிசின்னா 7 நாள் முட்டு நிக்கணும், பிபிசின்னா அத ஏழுக்கு பத்துங்கற கணக்குல கூட்டணும்னு சிபிடபிள்யூடி (மத்திய பொதுப்பணித் துறை) சொல்லுது, அதாவது 10 நாள். நாலரை மீட்டருக்கு மேல போனா 14 நாள், அது 20 ஆயிடும். தண்ணி விடுறது ஓபிசிக்கு 7 நாள்னா இதுக்கு 10 நாள் கட்டாயம், 14 நாள் விட்டா நல்லதுன்னு ஐஎஸ் 456 சொல்லுது. நம்ம ஊரு வெயிலுக்கு 14 நாளே வச்சுக்கங்க. காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ஓஸ்ல பீச்சிட்டு போறது கணக்குல வராது, பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, பில்லர் பீமுக்கு சாக்கு சுத்தி ஈரம் காயாம வைங்க. தண்ணி விட ஆள் இல்ல, ஏழாம் நாளே சென்ட்ரிங் பிரிச்சே ஆகணும்னா பிபிசி பக்கமே போகாதீங்க.

கிளிங்கர் தாத்தா

அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை லேப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். மேல அந்தத் தம்பி எழுதினது அத்தனையும் சரி. நான் கார்பன் கணக்கும் சைட்ல கலக்குற விஷயமும் சொல்றேன்.

தம்பி, சிமெண்ட்டுக்கு அடிப்படையே கிளிங்கர். சுண்ணாம்புக்கல்ல களிமண்ணோட சேத்து சூளையில 1450 டிகிரி வரைக்கும் சூடு ஏத்தி எடுக்குற உருண்டை. அந்தச் சூட்டுக்கு எரிக்கிற நிலக்கரியில இருந்து வர்ற பொகை ஒரு பக்கம், அத விட பெருசு என்னன்னா சுண்ணாம்புக்கல்லே உடையும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டா 44 கிலோ காத்தாப் போயிடும், மிச்சம் 56 கிலோதான் கையில நிக்கும். சூளைக்கு சோலார் கரண்ட்டே குடுத்தாலும் இந்த 44 கிலோ வந்தே தீரும். எல்லாம் சேத்து ஒரு டன் கிளிங்கருக்கு சுமார் 0.85 டன் கார்பன் டை ஆக்சைடுன்னு வச்சுக்கலாம். உலகத்துல மொத்தமா வெளியாகுறதுல 7, 8 சதவீதம் சிமெண்ட்டால வருதுன்னு சொல்றாங்களே, காரணம் இந்த கிளிங்கர்தான். அதனால கார்பன கொறைக்கணும்னா கிளிங்கர கொறைக்கணும், அதுக்குப் பதிலா ஏற்கனவே ஒரு தடவ சூளை ஏறி எறங்குன பொருள போடணும். ஃப்ளை ஆஷ் அப்படிப்பட்ட பொருள்.

உன் வீட்டுக்கே கணக்கு போடுவோம். ஓபிசி மூட்டை 50 கிலோவுல ஜிப்சம் (சிமெண்ட் சட்டுனு இறுகாம இருக்க சேக்குறது) போக 47 கிலோ கிளிங்கர்னா சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 30 சதவீதம் சாம்பல் போட்ட பிபிசி மூட்டையில கிளிங்கர் முப்பத்திரண்டரை கிலோ, அதுக்கு 27, 28 கிலோ. மூட்டைக்கு 12 கிலோ மிச்சம். சதுர அடிக்கு 0.4 மூட்டைங்கிற பொதுக் கணக்குல உன் வீட்டுக்கு 480 மூட்டை ஆகும், மொத்தத்துல 6 டன்னு கிட்ட வரும். இது விளம்பரம் இல்ல, கூட்டல் கழித்தல்.

இப்ப பக்கத்து வீட்டுக்காரர் யோசனை. அத மட்டும் செய்யாத தம்பி. ஆலைக்கு சாம்பல் லாரி வந்து நின்னா எறக்குறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுப்போம். 45 மைக்ரான் சல்லடையில போட்டு தண்ணி பீச்சி அலசுனா மேல 34 சதவீதத்துக்கு மேல தங்கக் கூடாது. உலையில வச்சு எரிச்சுப் பாப்போம், எரியாத கரி உள்ள இருந்தா எடை கொறையும், அது 5 சதவீதத்த தாண்டக் கூடாது. கரி அதிகமா இருந்தா தண்ணிய இழுக்கும், அட்மிக்ஸர் (கலவை எளகி ஓட ஊத்துற மருந்து) போட்டாலும் எடுபடாது, கான்கிரீட் போட்டதும் மேல கருப்பா ஏடு கட்டும். ஈஎஸ்பில கூட முதல் வரிசைத் தொட்டியில விழறது பெருவெட்டு, கடைசி வரிசையில விழறதுதான் நைஸ், ரெண்டுக்கும் தரம் ஒண்ணில்ல. நெய்வேலி பழுப்பு நிலக்கரி சாம்பல்ல சுண்ணாம்புச் சத்து தூக்கலா இருக்கும், அதோட கொணமே வேற. இதெல்லாம் பாத்து, கிளிங்கர் ஜிப்சத்தோட மில்லுல சேத்து அரைச்சு மூட்டை கட்டுறது ஒண்ணு, மம்பட்டியால ரெண்டு பெரட்டு பெரட்டுறது இன்னொண்ணு. ரெடிமிக்ஸ்காரங்க ஓபிசி தனி சாம்பல் தனின்னு போடுறாங்களேன்னு கேப்ப, அங்க தராசு இருக்கு, டிசைன் இருக்கு, கான்கிரீட்ல க்யூப் கட்டி போட்டு உடைச்சுப் பாக்க லேப் இருக்கு. அதுலயும் கொடுமை, வாங்குன மூட்டையே பிபிசியா இருந்து அது மேல இன்னும் சாம்பல் போட்டா அந்த ரூஃப்புக்கு அடியில நான் படுக்க மாட்டேன்.

ஓமலூரான்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். சாம்பல சைட்ல கலக்குறது இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். 6 டன்னுங்கறத படிச்சு வீட்ல எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. ஆனா கொத்தனார எப்படி ஒத்துக்க வைக்கிறதுன்னுதான் தெரியல, புக்கு கணக்கெல்லாம் அவர்கிட்ட எடுபடாது, முப்பது வருசமா வேலை பாக்குறவர்.

கழிமுகம்

நான் எண்ணூர் பொண்ணு. இங்க எல்லாரும் சாம்பல இவ்ளோ நல்ல பொருளா பேசுறதப் படிக்கும்போது ஒண்ணு சொல்லாம போக முடியல. எங்க பக்கம் கொசஸ்தலை ஆத்துல கால வச்சா சேறு வராது, சாம்பல்தான் வரும். அனல் மின் நிலையத்துல இருந்து சாம்பல தண்ணியோட கரைச்சு பைப்புல சாம்பல் குளத்துக்கு அனுப்புவாங்க, அந்த பைப்பு ஓட்டையாகி ஆத்துல கொட்டி கொட்டி கழிமுகமே மேடு தட்டிப் போச்சு. எறா புடிக்கிற சனங்க கையால தடவித்தான் புடிப்பாங்க, அவங்களுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. சிமெண்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லிட்டே நிலக்கரி கம்பெனிக்கு பச்சைப் பெயிண்ட் அடிச்சிடாதீங்க. சாம்பலுக்கு கிராக்கி இருக்குன்னு காரணம் காட்டி நிலக்கரிய எரிச்சிட்டே இருக்கலாமான்னு கேக்குறேன். சிமெண்ட் கம்பெனிங்க இவ்ளோ எடுக்குறாங்கன்னா எங்க ஊர்ல ஏன் இன்னும் மலை மலையா கெடக்குது?

கிளிங்கர் தாத்தா

அம்மா, நீ கேட்டது நியாயமான கேள்வி, மறுத்துப் பேச ஒண்ணும் இல்ல. பதில் இதுதான், சிமெண்ட்டுக்கு வேணுங்கறது ஈஎஸ்பில இருந்து நேரா எடுக்குற ஈரம் படாத சாம்பல். தண்ணியில கரைச்சு குளத்துக்கு விட்டா அதோட பாய்லர் அடியில விழற பெருவெட்டு சாம்பலும் சேந்துரும், அத அள்ளி காயவச்சு சலிச்சு திரும்ப அரைக்கிறதுக்கு செலவு ஆகும், அதனால ஆலைங்க சீண்டுறதில்ல. ரோடு மேடாக்க, பள்ளம் தூக்கன்னு கொஞ்சம் போகும், மிச்சம் உங்க ஊர்ல கெடக்குது. சாம்பல் விஷயத்துல 1999லயே மத்திய அரசு அறிவிக்கை போட்டாச்சு. 2021 டிசம்பர்ல வந்த புது அறிவிக்கை, உபயோகிக்காம விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபா அபராதம்னும் பழைய குளத்து சாம்பல 10 வருசத்துக்குள்ள காலி பண்ணணும்னும் சொல்லுது. எழுத்துல இருக்கறது ஆத்துல தெரியணும், அதுக்கு உங்கள மாதிரி ஆளுங்க விடாம கேட்டாத்தான் நடக்கும். அமெரிக்காவுல பழைய சாம்பல் குளத்த வெட்டி எடுத்து, பதப்படுத்தி கான்கிரீட்டுக்கு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, இங்கயும் அது வரணும்ங்கறது என் ஆசை.

நிலக்கரிய எரிச்சிட்டே இருக்கலாமான்னு கேட்டியே, அதுக்கும் சாம்பல் சாக்கு ஆக முடியாது. இங்கிலாந்துல கடைசி நிலக்கரி மின் நிலையத்த 2024 செப்டம்பர்ல மூடிட்டாங்க, அங்க இப்ப புதுசா சாம்பலே கெடையாது. நம்ம ஊருக்கும் அந்த நாள் வரும். அதுக்குத்தான் சாதாரண களிமண்ண 700, 800 டிகிரியில சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் தூளோட சேத்து கிளிங்கர பாதியா கொறைக்கிற சிமெண்ட் வந்திருக்கு, எல்சி3ன்னு பேரு, சுவிட்சர்லாந்து, கியூபாக்காரங்களோட நம்ம டெல்லி, மெட்ராஸ் ஐஐடிங்களும் சேந்து வேலை பாத்தது, 2023ல இந்தியாவுல அதுக்கு ஸ்டாண்டர்டும் போட்டாச்சு. கரும்புச் சக்கை எரிச்ச சாம்பல வச்சும் மெட்ராஸ் ஐஐடியில ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.

ஓமலூர் தம்பி, கொத்தனார்கிட்ட புக்கு கணக்கு பேசாத, முல்லைப் பெரியாறு அணையப் பத்தி பேசு. அதுல போர்ட்லேண்ட் சிமெண்ட்டா போட்டாங்க? பென்னிகுவிக் 1895ல கட்டி முடிச்சது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்துல. சுர்க்கின்னா சுட்ட செங்கல் பொடி. செங்கல் பொடியில இருக்குற சிலிக்கா சுண்ணாம்போட சேந்து இறுகுற அதே வேலையத்தான் உன் மூட்டையில சாம்பல் பண்ணுது. அவரோட தாத்தா காலத்து கொத்தனாருங்களுக்கு இது அத்துபடி.

மேஸ்திரி மகன்

எங்கப்பா மேஸ்திரி, நானும் இப்ப அவரோட காண்ட்ராக்ட் எடுத்து பண்றேன், அதனால கொத்தனார் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன் அண்ணா. அவருக்கு சாம்பல் மேல கோவம் இல்ல, சென்ட்ரிங் மேலதான் கவலை. தகடு, ஜாக்கி, சவுக்கு முட்டு எல்லாம் நாள் வாடகை. உங்க வீட்டுல 10 நாள் 14 நாள் நின்னா அந்த வாடகை அவர் கையில இருந்து போகுது, அடுத்த சைட்டுல அட்வான்ஸ் வாங்கிருப்பார், அங்க தகடு போய் சேரணும். ஓபிசின்னா வாரத்துல பிரிச்சு ஏத்திட்டு போயிடலாம். சதுர அடி ரேட்டு பேசும்போது இந்த நாள் கணக்கு யாரும் பேசுறதில்ல. அதனால நீங்களே முன்னாடி போய் "மேஸ்திரி, முட்டு கூடுதலா நிக்கிற நாளுக்கு வாடகை நான் தர்றேன்"னு சொல்லிப் பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும். தண்ணி விடுறதும் அப்படித்தான், அத கொத்தனார் வேலைன்னு விட்டுட்டு போகாதீங்க, வீட்டுக்காரங்க ஒருத்தர் பொறுப்பா இருக்கணும்.

இன்னொண்ணு, கலவை போடும்போது ஈஸியா ஓடணும்னு தண்ணிய ஊத்த விடாதீங்க. ஃப்ளை ஆஷ் உருண்டையா இருக்கறதால பிபிசி கலவை கொறைஞ்ச தண்ணியிலயே நல்லா வழுக்கும், பூச்சு வேலையில கரணைய இழுக்கும்போது உங்களுக்கே தெரியும். கான்கிரீட் போட்ட அன்னிக்கு வெயில் காத்து ரெண்டும் இருந்தா மட்டம் தட்டி முடிச்ச ஒடனே ஈர சாக்கு இல்ல தார்ப்பாய் போட்டு மூடிடுங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டா மேல மயிரிழை மயிரிழையா வெடிப்பு ஓடிடும், அப்புறம் பழிய சிமெண்ட் மேல போடுவாங்க.

ஓமலூரான்

மேஸ்திரி மகன் அண்ணா, நீங்க சொன்ன எடத்துலதான் விஷயமே இருந்திருக்கு. நேத்து சாயங்காலம் டீக்கடையில உக்காந்து பேசுனோம், வாடகை நான் தர்றேன்னதும் மொகமே மாறிடுச்சு. பெரியாறு அணை கதையும் சொன்னேன், சுர்க்கி போட்டு அவங்க ஐயா காலத்துல ஓடு பதிச்ச கதைய அவரே அரை மணி நேரம் பேசுனார். பிபிசிலயே போடலாம், 14 நாள் கழிச்சுத்தான் பிரிப்பேன், தண்ணி மட்டும் நீங்க பாத்துக்கணும்னு சொல்லிட்டார். எங்க ஹால் ஸ்பேன் நாலு மீட்டர்தான், அதனால அது போதும்னு நெனைக்கிறேன். எண்ணூர் அக்கா எழுதுனத வீட்ல படிச்சுக் காட்டுனேன், அந்த ரோட்டுல போற லாரிங்க எங்கிருந்து என்ன ஏத்திட்டு வருதுன்னு இதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்ல.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். லிண்டல் வேலையில மிஞ்சுன மூட்டை ஒரு இருபது இருக்கு, ஷெட்ல அடுக்கி வச்சிருக்கோம், அத ரூஃப்புக்கு சேத்துக்கலாங்களா? பூச்சுக்கும் பிபிசியே போதுமா?

கம்பியும் ஜல்லியும்

நாலு மீட்டருக்கு 14 நாள் ஓகே. பூச்சுக்கு பிபிசிதான் பெஸ்ட், வேற தேட வேண்டாம், ஆனா பூச்சுக்கும் ஒரு வாரம் தண்ணி விடணும், செவுரு தானேன்னு விட்டுடுவாங்க. மிஞ்சுன மூட்டையில எந்த வாரம் எந்த மாசம் பேக் பண்ணதுன்னு அச்சடிச்சிருக்கும் பாருங்க, மூணு மாசம் தாண்டிருந்தா டெஸ்ட் பண்ணாம ரூஃப்புல போடாதீங்க. மூணு மாசத்துக்குள்ள இருந்தா ஒரு மூட்டைய பிரிச்சு கைய விடுங்க, சில்லுனு மாவா இருந்து கட்டி தட்டாம இருந்தா சேத்துக்கலாம். அடி வரிசை மூட்டை தரையில நேரா பட்டு ஈரம் ஏறியிருந்தா அத தரைக்கு அடியில கம்பி இல்லாம போடுற பிசிசி கான்கிரீட்டுக்கு ஒதுக்கிடுங்க, ரூஃப்புக்கு வேணாம்.